பழுது பார்த்த பாலத்தில் ரீடிங் மாறினால்: அறிகுறி வாரியாகத் தேடும் வழி

சாரத்தைப் பிரித்து, தடுப்புகளை எடுத்து, வண்டிகளை விட்டாயிற்று. சென்சார்களை, ரீடிங்குகளைப் பதிவு செய்யும் லாகரில் இணைத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோடுகள் வரத் தொடங்கியதும் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வரும். மூன்றாவது வாரமோ ஆறாவது மாதமோ, ஒரு நாள் காலையில் ஒரு கோடு மட்டும் வேறு பக்கம் போயிருக்கும். "சென்சார் கெட்டுப்போயிருக்கும் சார்" என்று ஒருவர் சொல்வார். "பாலம் இறங்குகிறது" என்று இன்னொருவர் பதறுவார். இரண்டையும் உடனே நம்ப வேண்டாம். பல வருடங்களாகப் பாலங்களில் ரீடிங் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எந்த அறிகுறிக்கு எங்கிருந்து தேட வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பழுது பார்ப்பதற்கு முன்னால் எடுத்த கணக்கு பழுது பார்த்த பின்னால் செல்லாது. ஒரு கர்டரை, அதாவது தளத்தைத் தாங்கும் நீள உத்தரத்தை, பலப்படுத்தினால், பக்கத்துக் கர்டர் சுமந்ததில் ஒரு பங்கையும் அது தன் மேல் இழுத்துக்கொள்ளும். விரிசலை எபாக்ஸி போட்டு அடைத்தால், அங்கே திறந்து மூடிக்கொண்டிருந்த அசைவு வேறு இடம் தேடும். ஆகவே சென்சாரைப் பழுது பார்த்த இடத்தில் மட்டும் வைத்தால் பாதிக் கதைதான் தெரியும். பழுதின் ஓரத்திலும், சுமை இடம் மாறிப் போகிற பக்கத்து உறுப்பிலும் வைக்க வேண்டும். கீழே வரும் பல அறிகுறிகளுக்கு இதுதான் அடிப்படை.

முதலில்: எப்போது வண்டியை நிறுத்துவது?

சில அறிகுறிகளுக்குச் சோதனையே வேண்டாம். தூணின் மேல் கர்டர் உட்காரும் பேரிங்கிலிருந்து கர்டர் நழுவியிருக்கிறது. தளத்தின் இரண்டு பகுதிகள் சந்திக்கும் ஜாயின்ட்டில் ஒரு பக்கம் இறங்கிப் படி மாதிரி நிற்கிறது. நேற்று மயிரிழையாக இருந்த விரிசலில் இன்று விசிட்டிங் கார்டு நுழைகிறது. பலப்படுத்துவதற்காக வெளியே கட்டிய இரும்புக் கேபிளில் ஒரு இழை அறுந்து தொங்குகிறது. வெள்ளம் வடிந்த பிறகு தூணின் அடியில் மண் அரித்துப் பள்ளம் தெரிகிறது. இவற்றில் எதைப் பார்த்தாலும் முதலில் வண்டியை நிறுத்துங்கள், அப்புறம் மேலதிகாரிக்குப் போன் செய்யுங்கள். ரீடிங் சரியா தவறா என்கிற விவாதத்தைப் பாலம் காலியான பிறகு நடத்திக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒரே ஒரு சென்சார் மட்டும் திடீரென்று தாவுகிறது

கர்டரில் பெரிதாக எதுவும் நடந்தால் பக்கத்துச் சென்சார்களுக்கும் கொஞ்சமாவது தெரியும். ஒன்று மட்டும் தாவி, மற்றவை அசையாமல் இருந்தால் முதல் சந்தேகம் சென்சார் மேல், அதிலும் கேபிள் மேல், அதிலும் ஜங்ஷன் பாக்ஸ் மேல்.

ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்த நேரத்தில் இப்படி ஒரு பாக்ஸைத் திறந்தேன். மூடியின் ரப்பர் வளையம் ஒரு மூலையில் மடங்கியிருந்தது. உள்ளே டெர்மினல் ஸ்க்ரூக்களின் தலையில் பச்சைப் பாசி மாதிரி செம்புக் களிம்பு. அடியில் ஒரு கரண்டி அளவு தண்ணீர். மேல் மூலையில் இரண்டு பல்லி முட்டை. அந்த பாக்ஸில் வந்து சேரும் நான்கு கேபிள்களில் தண்ணீருக்கு அருகில் இருந்த ஒன்றுதான் தாவிக்கொண்டிருந்தது. துடைத்து, காய வைத்து, முனைகளை வெட்டிப் புதிதாக இணைத்ததும் கோடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

சோதிக்கும் வரிசை இது. லாகரிலிருந்து கேபிளைக் கழற்றி, கையில் எடுத்துப்போகும் ரீட்அவுட் கருவியில் நேரடியாகப் படித்துப் பாருங்கள். கருவியில் சரியாகவும் லாகரில் தவறாகவும் வந்தால் சென்சாரில் குறை இல்லை; லாகர் சேனல், பேட்டரி, எர்த்திங் ஆகியவற்றைப் பாருங்கள். கருவியிலும் தவறு என்றால் சென்சாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்று மேனுவலில் போட்டிருக்கும். கேபிளின் நீளத்துக்கான ரெசிஸ்டன்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிக அதிகம் என்றால் கேபிள் அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகில் என்றால் ஷார்ட். பிறகு கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையிலான இன்சுலேஷன். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை வைத்து நீட்சியை அளக்கும் வைப்ரேட்டிங் வயர் கேஜில் அது 20 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் இன்சுலேஷன் சோதிக்கும் மெகரை எடுத்து 500 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், நல்ல கேஜும் போய்விடும்.

கடலோரம் என்றால் இந்தப் பிரச்சினை இரட்டிப்பு. பாம்பன் மாதிரி உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் இரும்பைத் தின்கிற அதே உப்பு இணைப்புகளையும் தின்னும். பெயின்ட் அடிக்கும் கேங்க் ஏறுகிற ஒவ்வொரு முறையும் பாக்ஸைத் திறந்து பார்க்கும் வேலையையும் சேர்த்துவிடுவது நல்லது.

எல்லாம் நன்றாக இருந்தும் தாவல் நிஜம் என்று தெரிந்தால், அதாவது ரீடிங் ஒரு படி ஏறி அங்கேயே அசையாமல் நிற்கிறது என்றால், அந்த இடத்தில் புது விரிசல் விழுந்திருக்கலாம். கேஜுக்குக் குறுக்கே விரிசல் போனால் ரீடிங் இழுவிசைப் பக்கம் தாவும், கேஜுக்குப் பக்கத்தில் விழுந்தால் கேஜ் இருக்கும் கான்கிரீட் தளர்ந்து எதிர்ப் பக்கம் தாவும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் மெல்லிய விரிசல் கண்ணில் படாது.

அறிகுறி: எல்லாக் கோடுகளும் தினமும் ஏறி இறங்குகின்றன

இது நோய் இல்லை. இது இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 10 பங்கு நீளும், இரும்பு 12 பங்கு. 30 மீட்டர் கர்டர் 10 டிகிரி சூடானால் 3 மில்லிமீட்டர் நீளும். மத்தியானம் மேல் தளம் வெயிலில் காய்ந்து, அடிப்பகுதி நிழலில் குளிர்ந்திருக்கும்போது கர்டர் மேல் நோக்கி வளையும். ஆகவே மத்தியானம் எடுத்த லெவலையும் மறுநாள் காலை எடுத்த லெவலையும் ஒப்பிட்டுப் "பாலம் இறங்கிவிட்டது" என்று எழுதினால், அது சூரியனைப் பற்றி எழுதின அறிக்கைதான்.

ஒப்பிடுவதற்கான ரீடிங்கை விடியலுக்கு முன்னால் எடுங்கள். நாலு, நாலரை மணிக்குக் கர்டரின் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், வண்டியும் குறைவு. பின்னால் வருவதையெல்லாம் ஒப்பிட உதவும் பூஜ்ய ரீடிங்கும் அதே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பழுது வேலை முடிந்த அன்று சாயங்காலம் அவசரமாக ஒரு ரீடிங் எடுத்து, அதையே பூஜ்யம் என்று வைத்துக்கொண்ட திட்டங்கள் பின்னால் வருடக்கணக்கில் தொல்லை தருகின்றன. குறைந்தது சில நாள் விடியற்கால ரீடிங்குகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள்.

இன்னொன்று, திருத்தக் கணக்கு. கேஜுக்குள் இருக்கும் கம்பி இரும்பு, அது ஒட்டியிருப்பது கான்கிரீட். 10 டிகிரி சூடானால் கான்கிரீட் 100 மைக்ரோஸ்ட்ரெயின் (பத்து லட்சத்தில் 100 பங்கு) நீளும்போது கம்பி தானாகவே 122 நீள நினைக்கும். அதனால் சுமையே இல்லாமல் ரீடிங் 22 அமுக்கம் காட்டும். இந்த 22-ஐத் திருப்பிக் கூட்ட வேண்டும். கேஜ் இரும்புத் தகட்டின் மேல் இருந்தால் இந்தத் திருத்தம் வேண்டாம். ஒரே பாலத்தில் பாதி கேஜ் பழைய கான்கிரீட்டிலும் பாதி புதிதாக ஒட்டிய இரும்புத் தகட்டிலும் இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே ஃபார்முலாவைப் போட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கிற தப்பு.

அறிகுறி: மெதுவாக, ஒரே திசையில், நிற்காமல் நகர்கிறது

எனக்குத் தூக்கம் கெடுகிற அறிகுறி இதுதான். தாவல் கண்ணில் படும். இந்த நகர்வு ஒரு வாரத்தில் தெரியாது, மூன்று மாதத்துக் கோட்டைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் கேஜைச் சந்தேகியுங்கள். ஒட்டும் வகை ரெசிஸ்டன்ஸ் கேஜ் ஈரம் ஏறினால் தானாகவே ஒரு பக்கம் நகரும். எடை ஏற்றிப் பார்க்கும் குறுகிய லோடு டெஸ்டுக்கு அது அருமையான கருவி, வருடக்கணக்கான கண்காணிப்புக்கு அதை நான் நம்புவதில்லை. பக்கத்தில் சுமை படாத அதே வகைக் கான்கிரீட் துண்டில் ஒரு டம்மி கேஜ் வைத்திருந்தால் அதுவும் நகர்கிறதா என்று பாருங்கள். டம்மியும் சேர்ந்து நகர்ந்தால் கருவியோ ஈரமோ சூடோதான் காரணம், பாலத்தின் சுமை இல்லை.

அடுத்து, எதிர்பார்த்த நகர்வா என்று பாருங்கள். கான்கிரீட் சுமையில் வருடக்கணக்காக ஊர்ந்து சுருங்கும். பழைய உறுப்பைச் சுற்றிப் புதிதாக ஊற்றிய ஜாக்கெட் கான்கிரீட் உலர்ந்து சுருங்கும், பழைய கான்கிரீட் அதைத் தடுக்கும், இரண்டுக்கும் இடையில் இழுபறி நடக்கும். வெளியே கட்டி இழுத்த கேபிளில் இழுவிசை கொஞ்சம் தளரும். லோ ரிலாக்ஸேஷன் (தளர்வு குறைந்த) கேபிள் இழைக்கு 1000 மணி நேரத்தில் 2.5 சதவீதம் வரை தளர்வை இந்தியத் தரநிர்ணயமே அனுமதிக்கிறது. ஆகவே கேபிள் முனையில் இழுவிசையை அளக்கும் லோடு செல் முதல் சில மாதங்களில் இரண்டு மூன்று சதவீதம் இறங்கினால் பதற வேண்டாம்.

இயல்பான நகர்வையும் கெட்ட நகர்வையும் பிரிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நாள்களைச் சாதாரண அளவில் போடாமல் 1, 10, 100, 1000 என்று சம இடைவெளியில் வரும் லாக் அளவில் போட்டுக் கோடு வரையுங்கள். ஊர்வும் தளர்வும் அந்தத் தாளில் கிட்டத்தட்ட நேர்கோடாகவோ மெதுவாகப் படிகிற கோடாகவோ வரும். சாதாரணத் தாளிலேயே நேர்கோடாக, மாதத்துக்கு இவ்வளவு என்று சளைக்காமல் போனால் அது ஊர்வு இல்லை. துரு, தூண் அமிழ்வு, கேபிள் முனையைப் பிடிக்கும் நங்கூரம் நழுவுவது என்று தேட வேண்டும். வேகம் கூடிக்கொண்டே போனால் தேடுவதற்கு முன்னால் சுமையைக் குறைக்க வேண்டும், அதாவது கனரக வண்டிகளைத் திருப்பிவிட வேண்டும்.

இந்த இடத்தில் பலாவு நாட்டின் கொரோர்–பாபெல்தாப் பாலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1977-இல் கட்டி முடித்தது, நடு ஸ்பான் (தூண்களுக்கு இடைப்பட்ட நீளம்) ஏறக்குறைய 241 மீட்டர். கான்கிரீட் ஊர்ந்து ஊர்ந்து நடுவில் ஒரு மீட்டருக்கும் மேல் தொய்ந்துவிட்டது. 1996-இல் பழுது பார்த்தார்கள். நடுவில் இருந்த கீல் மூட்டைப் பூட்டி இரண்டு பாதிகளையும் ஒன்றாக்கி, புதுக் கேபிள்கள் போட்டு இழுத்தார்கள். பழுது முடிந்த மூன்று மாதத்துக்குள், செப்டம்பர் 26 அன்று, பாலம் சட்டென்று இடிந்து விழுந்தது. இருவர் இறந்தார்கள். தொய்வைச் சரிசெய்ய வந்த வேலை பாலத்துக்குள் சுமை போகும் பாதையையே மாற்றியிருந்தது. கேபிள் போட்டு இழுத்த எந்தப் பாலத்திலும், தொய்வு குறைந்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் மற்ற இடங்களின் ரீடிங்கை விட்டுவிடாதீர்கள். தூணுக்கு மேலே உள்ள பகுதி, நங்கூரம் பதிந்த பிளாக், அதன் பின்னால் உள்ள ஸ்லாப் ஆகிய மூன்றிலும் கேஜ் இருக்க வேண்டும்.

அறிகுறி: அதிர்வெண் குறைந்துவிட்டது

பாலம் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் அதிர்வெண். பழுது பார்ப்பதற்கு முன் 4.2 ஹெர்ட்ஸ், பழுது பார்த்த பின் 4.1 என்று வைத்துக்கொள்வோம். "பலப்படுத்தின பாலம் எப்படிப் பலம் குறையும்?" என்று கேள்வி வரும். குறையாமலே இருக்கலாம். அதிர்வெண் விறைப்பையும் எடையையும் சேர்த்துச் சொல்லும் எண். 50 மில்லிமீட்டர் தார்த் தளம் கூடுதலாகப் போட்டால் சதுர மீட்டருக்கு 115 கிலோ பக்கம் எடை கூடும். எடை கூடினால் அதிர்வெண் இறங்கும். ஆகவே முதல் கேள்வி: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்களா, மேலேயே போட்டார்களா? பல இடங்களில் மேலேயேதான் போடுகிறார்கள். ஜாயின்ட் பக்கத்தில் தளத்தின் தடிமனை ஸ்கேலில் அளந்தால் விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, பேரிங் மாற்றினார்களா? பழைய இரும்பு ராக்கர் பேரிங் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் கர்டரின் முனை பாதி பிடிபட்ட நிலையில் இருந்திருக்கும். புது நியோபிரீன் (ரப்பர்) பேட் வைத்ததும் முனை சுதந்திரமாகத் திரும்பும், அதனால் அதிர்வெண் இறங்கும். இது நல்லது நடந்ததன் அடையாளம்.

மூன்றாவது, சூடு. நியூ மெக்சிகோவில் அலமோசா கேன்யன் பாலத்தில் 1990-களில் அளந்தபோது, பாலத்துக்கு எதுவும் ஆகாமலே ஒரே நாளில் முதல் அதிர்வெண் 5 சதவீதம் அளவுக்கு மாறியது. சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை இடிப்பதற்கு முன் 1997-98-இல் ஏறக்குறைய ஒரு வருடம் தொடர்ந்து கண்காணித்தார்கள். பனிக்காலத்தில் தார்த் தளம் உறைந்து விறைத்து அதிர்வெண் ஏறிவிட்டது. நம் ஊரில் உறைபனி இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் இளகின தாரும் மார்கழிக் காலையில் விறைத்த தாரும் ஒரே பொருள் இல்லை. ஒரே சூட்டில் எடுத்த ரீடிங்கை மட்டுமே ஒப்பிடுங்கள்.

அதிர்வெண் மாறவில்லை என்பதால் நிம்மதி அடையவும் கூடாது. 1993-இல் நியூ மெக்சிகோவில் இடிக்கவிருந்த ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தில் ஒரு கர்டரை வேண்டுமென்றே படிப்படியாக வெட்டி அளந்தார்கள். முதல் சில வெட்டுகளுக்கு அதிர்வெண் இறங்கவே இல்லை. அடிப்பட்டை முழுவதும் அறுபட்ட பிறகுதான் தெளிவாக இறங்கியது. அதிர்வெண் மட்டும் பார்க்கிற கண்காணிப்பு, நோய் முற்றின பிறகு சொல்கிற கண்காணிப்பு. கூடவே ஸ்ட்ரெயினும் விரிசல் அளவும் வேண்டும்.

அறிகுறி: பேட்ச் நன்றாக இருக்கிறது, பக்கத்தில் துருக்கறை

கான்கிரீட் உதிர்ந்த இடத்தை வெட்டி, கம்பியைத் தேய்த்து, புதுக் கலவை போட்டு அடைத்த இடம் பளிச்சென்று இருக்கும். ஓரிரு வருடம் கழித்து அதன் ஓரத்தைச் சுற்றிப் பழைய கான்கிரீட்டில் பழுப்புக் கோடு வரும், அப்புறம் அங்கே வெடிக்கும். வேலை செய்தவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். காரணம் மின்வேதியியலில் இருக்கிறது. முன்பு அந்த ஒரு இடம் துருப்பிடித்ததால் சுற்றியிருந்த கம்பி அதன் தயவில் தப்பித்துக்கொண்டிருந்தது. துருப்பிடித்த இடத்தைச் சுத்தம் செய்து புதுக் கலவைக்குள் வைத்ததும், உப்பு ஏறியிருக்கும் பக்கத்துக் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது.

ஆகவே கம்பியின் மின்னழுத்தத்தைக் காட்டும் ஹாஃப் செல் அளவை பேட்சின் மேல் எடுத்து "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. ஓரத்திலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் தூரம் வரை கட்டம் போட்டு எடுங்கள். செம்பு சல்பேட் எலெக்ட்ரோடில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று வழக்கமான அளவுகோல். ஆனால் ஈரத்தைப் பொறுத்து எண் மாறும் என்பதால், தனி எண்ணைவிட பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையிலான சரிவை நான் அதிகம் நம்புகிறேன். கறை தெரிந்துவிட்டால், கம்பியோடு இணைத்துப் புதைத்தால் அதற்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் துத்தநாக அனோடு வைப்பது பற்றி டிசைன் பார்ப்பவரிடம் பேசுங்கள். அதை முதல் பேட்ச் போடும்போதே ஓரத்தில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பேட்சின் ஓரத்தில் கறை இல்லாமல் மயிரிழை விரிசல் மட்டும், அதுவும் முதல் சில வாரங்களிலேயே வந்தால் அது புதுக் கலவை சுருங்கியதால் வந்தது. 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்து, வளராமல் நின்றால் சீல் செய்துவிட்டு நகரலாம்.

அறிகுறி: ஒட்டின கார்பன் துணியில் பொத்தென்ற சத்தம்

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து பலப்படுத்துவதற்காகக் கர்டரின் அடியில் ஒட்டின கார்பன் ஃபைபர் துணி மேல் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் "டிக் டிக்" என்று இறுக்கமாகக் கேட்கும். பிரிந்த இடத்தில் "பொத்" என்று காலி டப்பா மாதிரி கேட்கும். சாக்பீஸால் அந்த எல்லையை வரைந்து தேதி போடுங்கள். அடுத்த முறை அந்தக் கோட்டைத் தாண்டிச் சத்தம் மாறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டி, 13 சதுர சென்டிமீட்டருக்குள் உள்ள சின்னப் பிரிவுகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம் என்கிறது. 160 சதுர சென்டிமீட்டரைத் தாண்டினால் வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். இடைப்பட்டவற்றுக்கு ரெசின் செலுத்தலாம். துணியின் முனையில் பிரிவு வந்தால், அளவு சிறியதாக இருந்தாலும் நான் விடுவதில்லை. முனையில் தொடங்கியது உள்ளே ஓடும். சந்தேகம் இருந்தால் துணியில் ஒரு கேஜ், அதே இடத்தில் கான்கிரீட்டில் ஒரு கேஜ் வைத்து மேலே லாரியை விடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஒட்டியிருக்கிறது.

அறிகுறி: பேரிங் மாற்றிய பிறகு ஜாயின்ட் அசையவே இல்லை

கோடு அழகாக, நேராக இருக்கும். இதை நல்ல செய்தி என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். 30 மீட்டர் கர்டர் ஆண்டு முழுக்க அசையாமல் இருக்கவே முடியாது. நகர்வு அளக்கும் கருவியின் தண்டு சிக்கியிருக்கலாம், கையால் தள்ளிப் பாருங்கள். அது சரியென்றால் ஜாயின்ட்டுக்குள் பாருங்கள். கல், ஜல்லி, காய்ந்த தார், அதன் மேல் முளைத்த புல் எல்லாம் சேர்ந்து ஆப்பு வைத்த மாதிரி இறுகியிருக்கும். சில நேரம் பழுதுக்காக ஜாக்கி வைத்துத் தூக்கியபோது போட்ட மரக்கட்டையையோ இரும்புப் பாக்கிங்கையோ எடுக்காமலே போயிருப்பார்கள். அப்படியென்றால் அந்த நீட்சி தூணைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. தூணில் சாய்வை அளக்கும் டில்ட் மீட்டரின் கோடு சூட்டோடு சேர்ந்து சாய்ந்தால் உறுதி.

அறிகுறி: அலாரம் வாரத்துக்கு நாலு முறை அடிக்கிறது

அடிக்கிற அலாரத்தை யாராவது ஒருவர் ஒரு நாள் அணைத்துவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை, வரம்பைச் சரியாக வைக்காதது நம் தப்பு. டிசைன் கணக்கில் வந்த எண்ணை அப்படியே வரம்பாக வைத்தால் அது ஒருபோதும் அடிக்காது, அல்லது எப்போதும் அடிக்கும். எடை தெரிந்த லாரியை விட்டு அளந்த ரீடிங்கையும், ஒரு வருடத்து வெப்பநிலை ஏற்ற இறக்கத்தையும் வைத்து வரம்பு போடுங்கள். முதல் வருடம் முழுக்க அதை மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும். மஞ்சள் அடித்தால் யார் போய்ப் பார்ப்பது, சிவப்பு அடித்தால் யாரையும் கேட்காமலே யார் வண்டியை நிறுத்தலாம் என்று பெயர், போன் நம்பரோடு லாகர் பெட்டியின் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

நிறுத்துவது சுலபமான முடிவு இல்லை. 2018 டிசம்பரில் பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியில் விரிசல் தெரிந்ததும் ரயில்களை நிறுத்தினார்கள். 2019 பிப்ரவரி இறுதியில்தான் மறுபடி விட்டார்கள். ராமேஸ்வரம் போக வந்த ஜனங்கள் அத்தனை பேரும் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். 2022 டிசம்பரில் அரிப்பு காரணமாக மறுபடியும் நிறுத்தம், அதற்குப் பிறகு 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் தீவுக்கு ரயில். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாமல் அந்தக் கடைசி அத்தியாயம் முடிந்ததில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அறிகுறி: எந்த அறிகுறியும் இல்லை

எல்லாக் கோடுகளும் அமைதி. இதையும் ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு சோதியுங்கள். ஆபத்து இருக்கும் இடத்தில் சென்சாரே இல்லாமல் இருக்கலாம்.

மினியாபொலிஸின் ஐ-35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று தள மராமத்து நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்தது, 13 பேர் இறந்தார்கள். மூட்டுகளை இணைக்கும் கஸெட் தகடுகள் தேவையான தடிமனில் பாதிதான் இருந்தன. மராமத்துக்காகக் குவித்த ஜல்லி, மணல், வண்டிகளின் எடை அவற்றின் மேல் ஏறியது. தகடுகள் வளைந்திருப்பது 2003-இல் எடுத்த போட்டோக்களிலேயே தெரிந்தது. டிரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 விடியலுக்கு முன் எல்பே ஆற்றில் விழுந்தது. கான்கிரீட்டுக்குள் இருந்த கேபிள் கம்பிகள் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தன. பிறகு நின்றுகொண்டிருந்த மற்றப் பகுதிகளில் கம்பி அறுபடும் சத்தத்தைக் கேட்கிற சென்சார்களை வைத்தார்கள். கேபிள் குழாய்க்குள் கிரவுட் (சிமென்ட் கூழ்) சரியாக நிரம்பியதா என்று சந்தேகம் உள்ள பழைய ப்ரீஸ்ட்ரெஸ் (உள்ளே கேபிளை இழுத்துக் கட்டிய) பாலங்களில் ஸ்ட்ரெயின் கேஜைவிட இந்தச் சத்தம் கேட்கும் முறைதான் எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

மோர்பியை எழுதும்போது மனம் கனக்கிறது. குஜராத்தின் அந்தத் தொங்கு பாலத்தை மராமத்து செய்து 2022 அக்டோபர் 26 அன்று திறந்தார்கள். 30-ஆம் தேதி சாயங்காலம் அறுந்து விழுந்து 135 பேர் இறந்தார்கள். புதுத் தளம் போட்டிருந்தார்கள். ஆனால் விசாரணைக் குழு பார்த்தபோது, அறுந்த பிரதான கேபிளின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன. திறப்பதற்கு முன் லோடு டெஸ்ட் செய்யவில்லை.

ஆகவே அமைதியான பாலத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறை லாரி விட்டுச் சோதியுங்கள். எடைமேடையில் எடை போட்ட லாரி, அதே ஆக்சில் இடைவெளி, விடியற்காலை, ஊர்ந்து போகும் வேகம். ஒவ்வொரு கேஜும் போன வருடம் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு ஏறி, லாரி இறங்கியதும் திரும்பி வர வேண்டும். ஏறாத கேஜ் செத்துவிட்டது. அதிகம் ஏறினது சுமையைப் புதிதாக வாங்கியிருக்கிறது, அப்படியென்றால் எந்தக் கேஜ் குறைவாக ஏறியது என்று தேடுங்கள். அங்கேதான் கோளாறு இருக்கும். முழு லோடு டெஸ்ட் என்றால் சுமையை இறக்கி 24 மணி நேரத்தில் தொய்வு எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்பி 51 என்ற வழிகாட்டி சாதாரணக் கான்கிரீட்டுக்கு 75 சதவீதம், ப்ரீஸ்ட்ரெஸ் கான்கிரீட்டுக்கு 85 சதவீதம் என்று வைத்திருக்கிறது.

எடைமேடை ரசீதை ரீடிங் நோட்டில் அந்தத் தேதிப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். சக்கரம் நிற்க வேண்டிய இடத்தைத் தளத்தில் வெள்ளைப் பெயின்டால் குறிப்பதோடு, கைப்பிடிச் சுவரிலும் ஒரு குறி போடுங்கள். அடுத்த முறை தார் போடும்போது தளத்தில் உள்ள குறி அடியில் போய்விடும்.